“இதைக்கூட நான்தான் சொல்லணுமா?”: மேனேஜர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 27. டெக்ஸ்டைல் படித்தவர். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மூன்றரை ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. இந்த ஆண்டு அப்ரைசலில் இவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள்: “கடின உழைப்பாளி. க்ரிட்டிக்கல் திங்கிங் போதாது. எல்லாவற்றுக்கும் மேலதிகாரியை எதிர்பார்க்கிறார்.” இவருக்குப் பின்னால் சேர்ந்த பையன் சீனியர் ஆகிவிட்டான்.

இரண்டு சம்பவங்களைச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு முன் மேனேஜர் ஊரில் இல்லாத நாளில், டி ஷர்ட் கழுத்துக்கான ரிப் துணியின் ஷேடை இவரே பார்த்து அப்ரூவ் செய்தார். உடம்புத் துணியோடு கலர் ஒத்துப்போகவில்லை என்று பையர் திருப்பிவிட்டார். 4,000 பீஸுக்குக் கழுத்தைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. “யாரைக் கேட்டு அப்ரூவ் பண்ணின?” என்று ஃப்ளோரில் எல்லார் முன்னாலும் சத்தம். அதோடு இரண்டு மாதம், மாதம் 3,000 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம்.

இரண்டாவது, போன மாதம் நடந்தது. 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வர வேண்டிய சிங்கிள் ஜெர்சி துணி 168 வந்திருக்கிறது. இவர் ஓடிப்போய், “சார், 168தான் வருது, என்ன பண்றது?” என்று கேட்டிருக்கிறார். “இதைக்கூட நான்தான் சொல்லணுமா? கொஞ்சம் யோசிக்க மாட்டியா?” என்றிருக்கிறார் மேனேஜர். துணியைப் பின்னித் தந்த நிட்டிங்காரரைக் கூப்பிட்டு இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் பக்கத்து டேபிளில் இருக்கும் பழைய மெர்ச்சண்டைசர் அண்ணன் ஒருவர் வந்து, டேப்பை எடுத்துத் துணியின் டயாவை, அதாவது அகலத்தை, அளந்தார். துணியை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் காம்பாக்டிங்கில் அகலத்தை இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. “ஒரு டேப்தான் எடுத்தார். அது எனக்கு ஏன் தோன்றவில்லை?” என்று எழுதியிருக்கும் இடத்தில் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் நான்கு. மனப்பாடம் செய்தே படித்து வந்ததால் மூளை இப்படி ஆகிவிட்டதா? 35,000 ரூபாயில் ஆன்லைனில் க்ரிட்டிக்கல் திங்கிங் கோர்ஸ் ஒன்று வருகிறது, சேரலாமா? அந்தப் பிடித்தம் நியாயமா? வேறு கம்பெனிக்குப் போய்விடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வருத்தமாக இருந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் சிரிப்பு வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். எந்தத் தேதியில் எந்த லாட் வந்தது, எத்தனை ரோல், யார் எதைச் சொன்னார், எது நீங்கள் நேரில் பார்த்தது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்று பிரித்துப் பிரித்து எழுதிவிட்டு, கடைசியில் “எனக்கு யோசிக்க வராது” என்று முடித்திருக்கிறீர்கள். யோசிக்க வராதவர் எழுதிய கடிதம் இல்லை இது. ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஒரு மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். இவ்வளவு தெளிவான ரிப்போர்ட்டை அங்கே அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சிக்கல் எங்கே? ரிப் துணியிலிருந்து ஆரம்பிப்போம். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ரிப் துணி சொல்லிக்கொடுத்த தப்பான பாடம்

அன்று ஷேடை எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி வருகிறது: “என் டேபிளிலேயே வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.” உங்கள் டேபிளுக்கு மேலே இருப்பது டியூப் லைட். ஒரு வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போகும் இரண்டு கலர் இன்னொரு வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் என்பது டையிங் மாஸ்டர்களுக்குத் தினசரி அனுபவம். மெட்டாமெரிசம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 என்று தனித்தனி விளக்கு வைத்திருப்பதே இதற்காகத்தான். போதாக்குறைக்கு, ரிப் துணியில் மேடும் பள்ளமும் உண்டு. அதே சாயம் போட்டாலும் ஜெர்சியைவிட ஆழமாகத் தெரியும்.

ஆக, அன்று நடந்த தவறு ஒரு வெளிச்சத்தில் மட்டும் பார்த்தது. மேனேஜர் ஊரில் இருந்து, அதே டேபிளுக்கு வந்து, அதே டியூப் லைட்டின் கீழ் குனிந்து பார்த்திருந்தால் அவரும் அப்ரூவ் செய்திருப்பார். பையர் அப்போதும் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் உங்களிடம் யாரும் “எந்த லைட்டில் பார்த்தே?” என்று கேட்கவில்லை. “யாரைக் கேட்டு?” என்றுதான் கேட்டார்கள். கேள்வி எப்படியோ பாடமும் அப்படி. “யாரைக் கேட்டு” என்று கேட்டால் மனதில் பதிவது, “அடுத்த முறை யாரையாவது கேள்” என்பதுதான். நீங்கள் அந்தப் பாடத்தைச் சரியாகவே படித்தீர்கள். நூல் கலர், பாலிபேக் சைஸ், கூரியர் எதில் போடுவது என்று அன்றிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். கேட்கும்படி பழக்கியவர்களே இப்போது கேட்பதைக் குறையாக அப்ரைசலில் எழுதுகிறார்கள். இதில் உங்கள் மூளைக்குப் பங்கு குறைவு.

இதைச் சொல்வது மேனேஜர் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பதற்காக இல்லை. இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அந்தச் சம்பவத்தை நீங்களும் திரும்பித் துருவிப் பார்க்கவில்லை. அவமானம் இருக்கும் இடத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் பிடிக்காது, புரிகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டிய படிப்பு அங்கேதான் கிடக்கிறது.

யோசிப்பது வேறு, முடிவெடுப்பது வேறு

கடிதம் முழுக்க இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். உங்கள் மேனேஜரும் அப்படித்தான் குழப்புகிறார் என்று தோன்றுகிறது. “சுயமா யோசி” என்கிறார், உங்களுக்கு “நீயே முடிவெடு” என்று காதில் விழுகிறது. முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் யோசிப்பதையும் சேர்த்தே நிறுத்திவிட்டீர்கள்.

யோசிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், அதற்குப் பிடித்தமும் கிடையாது. முடிவெடுப்பதற்கு மட்டும்தான் அதிகாரம் வேண்டும். கோடிக்கணக்கில் போகும் ஆர்டரில்கூட நீங்கள் முழுதாக யோசித்து முடித்துவிட்டு, முடிவை மட்டும் அவர் கையில் கொடுக்கலாம். “சார், 168 வருது, என்ன பண்றது?” என்பதும், “சார், 168 வருது. டயா 36க்கு 38½ இருக்கு. காம்பாக்டிங்ல இழுத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஒரு ரோலை மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா?” என்பதும், இரண்டுமே கேள்விதான். இரண்டிலும் முடிவு சாருடையதுதான். ஆனால் இரண்டாவதைக் கேட்டவரை யாரும் யோசிக்கத் தெரியாதவர் என்று எழுத மாட்டார்கள்.

168 என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

க்ரிட்டிக்கல் திங்கிங் என்றதும் பலர் நினைப்பது குறை கண்டுபிடிப்பது, எதிர்த்துப் பேசுவது. தமிழில் ‘விமர்சனச் சிந்தனை’ என்று பெயர் வைத்து அந்த மயக்கத்தை நாமே கூட்டிவிட்டோம். என்னைக் கேட்டால் அது வேறொன்றுமில்லை. கையில் வந்ததை அப்படியே விழுங்காமல், “இது எப்படி வந்தது?” என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து கேட்பது. உங்கள் 168ஐயே எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: 168 என்பது உண்மையா? ஜி.எஸ்.எம். கட்டர் வெட்டுவது 100 சதுர சென்டிமீட்டர் வட்டம். அதை எடை போட்டு நூறால் பெருக்குகிறோம். 168 என்றால் தராசில் 1.68 கிராம் காட்டியிருக்கிறது. கவனியுங்கள், எடையில் வரும் தப்பும் நூறால் பெருகும். தராசு 0.05 கிராம் பிசகினால் ஜி.எஸ்.எம்.மில் 5 போய்விடும். பிளேடு மழுங்கி, அடியில் வைக்கும் ரப்பர் பேட் தேய்ந்து, ஓரம் பிசிராக வெட்டியிருந்தால் அதுவும் சேரும். எத்தனை வட்டம் வெட்டினீர்கள்? கடிதத்தில் ‘வெட்டிப் பார்த்தேன்’ என்று ஒருமையில் இருக்கிறது. ரோலின் ஒரே இடத்தில் ஒரு வட்டம் என்றால் அது செய்தியே இல்லை, வெறும் வதந்தி. நாலைந்து ரோலில், அகலத்தில் வெவ்வேறு இடங்களில் வெட்ட வேண்டும்.

அடுத்தது, எப்போது வெட்டினீர்கள்? பஞ்சு காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்ற டெஸ்டிங் சூழலில் பருத்தி தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். காம்பாக்டிங் மெஷினிலிருந்து சூடாக வந்த துணியை அப்படியே வெட்டினால் அந்த ஈரம் இன்னும் ஏறியிருக்காது, எடை குறைவாகக் காட்டும். நாலு மணி நேரம் விரித்துப் போட்டுவிட்டு வெட்டியிருந்தால் இரண்டு மூன்று ஜி.எஸ்.எம். தானாகவே ஏறியிருக்கலாம். பையர் கொடுத்த டாலரன்ஸ், அதாவது அவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்றத்தாழ்வு, 5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 171 வரை பாஸ். அந்த இரண்டு மூன்று ஜி.எஸ்.எம். அற்ப விஷயம் இல்லை.

சரி, எண் உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது, ஒரு சதுர மீட்டர் துணி எப்படியெல்லாம் இலேசாக முடியும்? நூல் மெல்லிசாக இருக்கலாம், அதாவது நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் மாறியிருக்கலாம். கண்ணி பெரிதாக இருக்கலாம், அதாவது லூப் லெங்த் கூடியிருக்கலாம். அல்லது துணியை இழுத்து விரித்திருக்கலாம். வேறு பெரிய வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றே மூன்று கதவு.

மூன்றாவது கதவைத் திறக்க ஒரு டேப்பும் ஒரு கணக்கும் போதும். டயா 36 அங்குலம் வர வேண்டியது 38½ வந்திருக்கிறது. நீளத்தில் மாற்றமில்லை என்று வைத்துக்கொண்டால், 180ஐ 36ஆல் பெருக்கி 38½ஆல் வகுங்கள். 168.3. மொபைலில் பத்து நொடி. நிட்டிங்காரரோடு போட்ட இரண்டு நாள் சண்டை இந்தப் பத்து நொடியில் முடிந்திருக்கும். கூடவே இன்னொன்றும் தெரிந்திருக்கும்: இழுத்து விரித்த துணி தண்ணீர் பட்டதும் பழைய அகலத்துக்கு ஓடும். அதாவது இந்த லாட்டில் அகலவாக்கில் ஷ்ரிங்கேஜும் எகிறியிருக்கும். ஜி.எஸ்.எம். மட்டும் எப்படியோ பாஸ் ஆகியிருந்தால், பிரச்சினை துணி தைத்து, கப்பலேறி, யாரோ வீட்டு வாஷிங் மெஷினில்தான் வெளியே வந்திருக்கும்.

இவ்வளவையும் எழுத எனக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. நீங்கள் தினமும் புழங்குகிற பொருள், உங்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அந்த அண்ணனுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

இங்கேதான் உங்கள் மனப்பாடக் கேள்விக்கு வருகிறேன். அந்த அண்ணன் பதினைந்து ஆண்டாக இதே வேலையில் இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். டேப்பை எடுத்தது அவருடைய மேதைத்தனம் இல்லை, ஞாபகம். எப்போதோ ஒரு முறை இதே மாதிரி மாட்டிக்கொண்டிருப்பார். ஜி.எஸ்.எம். குறைந்தால் டயாவைப் பார் என்று அன்றைக்குத் தலையில் ஏறியிருக்கும். அதை நீங்கள் யோசனை என்கிறீர்கள், அவரைக் கேட்டால் அனுபவம் என்பார். பெயரை விடுங்கள், உள்ளே இருப்பது நினைவு.

அதனால் மனப்பாடத்தைத் திட்டாதீர்கள். தலையில் சரக்கு இல்லாமல் யோசிக்க முடியாது. பதினான்கு ஸ்டைல் நம்பரும் அதன் டெலிவரி தேதியும் பார்க்காமல் சொல்வேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சொத்து. பள்ளிக்கூடம் உங்களுக்குச் செய்த கெடுதல் மனப்பாடம் செய்ய வைத்தது இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு விடைதான், அது வாத்தியாரிடம் இருக்கிறது என்று பழக்கியதுதான். வாத்தியார் போய் மேனேஜர் வந்தார், அவ்வளவே.

35,000 ரூபாய் கோர்ஸ் பற்றிய என் தயக்கமும் இதிலிருந்துதான். ஒரு விஷயத்தில் பழகிய யோசனை இன்னொரு விஷயத்துக்குத் தானாகத் தாவிவிடாது என்று 1901லேயே தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் காட்டினார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிட ஆட்களைப் பழக்கினார்கள். அதில் நன்றாகவே தேறினார்கள். வேறு வடிவங்களைக் கொடுத்தபோது அந்தத் தேர்ச்சி அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. ஆன்லைன் புதிர்களில் நீங்கள் புலியாகலாம், அந்தப் புலி காம்பாக்டிங் யூனிட்டுக்கு வருமா என்பது சந்தேகம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பெட்ரோலுக்குச் செலவழித்து, நாலு ஞாயிற்றுக்கிழமை நிட்டிங், டையிங், காம்பாக்டிங் யூனிட்களில் போய் நின்று பாருங்கள். ஆபரேட்டர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, “அண்ணா, இதுல என்னென்ன தப்பு வரும்?” என்று கேளுங்கள். எந்தக் கோர்ஸும் சொல்லித்தராததை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்த முறை டேப்பை எடுக்கும்போது

ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை ஜி.எஸ்.எம். குறைந்ததும் நீங்கள் நேராக டேப்பை எடுப்பீர்கள். டயா அரை அங்குலம் கூட இருக்கும். “பார்த்தீங்களா, காம்பாக்டிங்தான்!” என்பீர்கள். ஆனால் அன்றைக்குக் காரணம் நூல் கவுண்டாக இருக்கலாம்.

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இது ஒரு விதிப்படி அமைந்தது, நீங்களே மூன்று மூன்று எண்ணாகச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடியுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன் என்றார். பெரும்பாலோர் 8, 10, 12 என்றார்கள். பொருந்துகிறது. 20, 22, 24. பொருந்துகிறது. “இரண்டிரண்டாகக் கூடுகிறது, அதுதான் விதி” என்றார்கள். தப்பு. விதி வெறும் ஏறுவரிசைதான். 1, 2, 50 என்றாலும் பொருந்தியிருக்கும். தான் நினைத்தது பொய்யாகக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்கப் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை. ஒத்துப்போகிற எண்களையே அடுக்கினார்கள்.

அதனால், ஒரு காரணம் தோன்றியதும், “நான் நினைப்பது தப்பாக இருந்தால் எங்கே தெரியும்?” என்று கேட்டு அந்த இடத்துக்குப் போங்கள். இழுத்ததுதான் காரணம் என்றால், ஒரு துண்டைத் துவைத்துக் காய வைத்தால் அகலம் சுருங்கி ஜி.எஸ்.எம். ஏற வேண்டும். ஏறவில்லையா? உங்கள் யோசனை தப்பு. துணியிலிருந்து நூலைப் பிரித்து லூப் லெங்த் அளந்து பாருங்கள். கூடியிருந்தால் நிட்டிங், இல்லையென்றால் கவுண்டைப் பாருங்கள். இதைச் செய்த பிறகு நிட்டிங்காரரிடம் பேசினால் அது சண்டையாக இருக்காது, பேச்சாக இருக்கும்.

பையரின் மெயிலைச் சாட்ஜிபிடியில் போட்டு, வருகிற பதிலை அப்படியே அனுப்புகிறேன் என்று ஒரு இடத்தில் சொல்கிறீர்கள். இங்கிலீஷைச் சரிசெய்ய வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பதிலில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் தமிழிலேயே இரண்டு வரி எழுதிவிட்டு அப்புறம் அதைத் தொடுங்கள். மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு மெஷினை உட்கார வைத்துவிட்டால் கதை அதேதான்.

மேனேஜரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

இதெல்லாம் உங்கள் பக்கம். அந்தப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. எதை நீங்களே முடிக்கலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று யாரும் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. மூன்று கூடையாகப் பிரித்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.

செய்துவிட்டுச் சொல்வது: கூரியர், சாம்பிள் ஃபாலோ அப், லேபிள், பாலிபேக், பையர் கொடுத்த டாலரன்ஸுக்குள் அடங்குகிற எல்லாமும்.

யோசனையோடு போய்க் கேட்பது: ஷேட் வித்தியாசம், டாலரன்ஸுக்கு வெளியே போகும் ஜி.எஸ்.எம்., விலை மாறுவது, ஷிப்மென்ட் தேதி தள்ளுவது.

உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடுவது: குழந்தைகள் உடையில் ஸ்னாப் பட்டன் கையோடு வருவது, உடைந்த ஊசியின் ஒரு துண்டு கிடைக்காமல் இருப்பது. இதில் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

மூன்றாவது கூடையைப் பற்றி உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். உங்கள் ஊர் நிட்டிங் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்கிறதே, அதே எண்ணத்தைத் தன் நெசவுத் தறியில் வைத்தவர் ஜப்பானின் சாகிச்சி டொயோடா. நூல் அறுந்தால் தானே நிற்கும் அவருடைய தறி 1924இல் முழு வடிவம் பெற்றது. பிறகு அந்தக் குடும்பம் தொடங்கிய கார் கம்பெனியில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் லைனே நிற்கும் என்று வைத்தார்கள். கயிற்றை இழுப்பவனை யோசிக்கத் தெரியாதவன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மேனேஜர் எப்படி எடுத்துக்கொள்வார்? இரண்டு வாய்ப்பு. “அட, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே” என்று இரண்டு இடத்தில் திருத்திக் கொடுக்கலாம். அல்லது, “இதெல்லாம் எழுதி வெச்சுக்கிட்டு வேலை செய்ய முடியுமா?” என்று சிரித்துத் தள்ளலாம். இரண்டாவது நடந்தால், பேசியதைச் சுருக்கி ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: “சார், இன்று பேசியபடி இவற்றை நானே முடித்துவிட்டு உங்களுக்குத் தகவல் சொல்கிறேன், மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள்.” பணிவாகவும் இருக்கும், பின்னால் “யாரைக் கேட்டு?” என்று கேள்வி வந்தால் காட்டவும் இருக்கும். அப்படியும் திட்டு விழலாம். அந்த ரிஸ்க் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் முதல் கூடையில் சில்லறை விஷயங்களாகப் போட்டிருக்கிறேன். அங்கே தப்பினால் ஒரு கூரியர் செலவோடு போகும்.

பிடித்தம், வேலை மாற்றம்

நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். சம்பளத்தில் நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமென்றால், அந்த நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். பிடிக்கும் தொகை அந்த நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, இதையே சொல்கின்றன. உங்களிடம் விளக்கம் கேட்கவே இல்லை என்றால் அந்தப் பிடித்தம் முறையானது இல்லை. பழைய சட்டத்துக்குச் சம்பள வரம்பு இருந்தது, அது உங்களுக்குப் பொருந்தியதா, இப்போது கேட்கக் காலம் இருக்கிறதா என்பதை உள்ளூர் வக்கீலிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய்க்காக இப்போது போராட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் இனி ஒரு முறை அப்படிப் பிடித்தால், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வேலை மாற்றுவதைப் பற்றி: இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்த அப்ரைசல் வரியை மனதில் சுமந்துகொண்டு போனால், புது இடத்திலும் முதல் நாளே “என்ன பண்றது சார்?” என்றுதான் ஆரம்பிப்பீர்கள். இன்னும் ஆறு மாதம் இருங்கள். யோசித்துக்கொண்டு போய்க் கேட்டும், தாளில் எழுதிக் காட்டியும், அவர் “நீ ஏன் யோசிக்கிறே?” என்ற தினுசில் நடந்துகொண்டால் அது வேறு கதை. அப்போது தாராளமாகக் கிளம்பலாம், கையில் ஒரு நோட்டும் இருக்கும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. சாதாரண நூறு பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சிக்கலுக்கும் சார் ரூமுக்குப் போவதற்கு முன் மூன்று வரி: என்ன பார்த்தேன், என்ன காரணம் என்று நினைக்கிறேன், எதைச் செய்தால் அது தப்பென்று தெரியும். சிக்கல் முடிந்த பிறகு நான்காவது வரி: கடைசியில் என்ன காரணமாக இருந்தது. முதல் பத்தில் ஏழு தப்பாகத்தான் இருக்கும், மனம் விடாதீர்கள். என் மில் காலத்து நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் இருபது பக்கத்தை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் பக்கத்தில் ரிப் துணியை எழுதுங்கள். அந்த லாட்டின் ஒரு துண்டு உங்கள் ஃபைலில் கட்டாயம் இருக்கும். லைட் பாக்ஸில் வைத்து ஒவ்வொரு விளக்காக மாற்றிப் பாருங்கள், எந்த விளக்கில் கழுத்து தனியாகத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேனேஜரிடம் அந்தக் கூடைத் தாளைக் கொண்டு போங்கள். ஷிப்மென்ட் நாளில் மட்டும் வேண்டாம். கன்டெய்னர் கிளம்பின மறுநாள், அவர் இரண்டாவது டீயைக் குடித்து முடித்த பிறகு போங்கள்.